மாற்றுத்திறனாளிகளும் தொழிற்பயிற்சியும்: அரச தரவைக் கொழும்பில் கேட்டு வாங்குவது எப்படி

எங்கள் பகுதியில் செவிப்புலன் குறைந்த இளைஞர்களுக்கு ஒரு தொழிற்பயிற்சி தொடங்கலாம் என்று பெற்றோர் சிலர் சேர்ந்து யோசித்தோம். நிதி தர முன்வந்தவர்கள் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை பேர் இருக்கிறார்கள்? இப்போது எத்தனை பேர் பயிற்சி பெறுகிறார்கள்? அதில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது?" என்பதுதான். பதில் அரசாங்கத்திடம் இருக்கிறது, ஆனால் ஒரே இடத்தில் இல்லை. எந்த அலுவலகத்தில் எந்தப் பதிவேடு என்று எடுத்துச் சொல்ல ஆள் இல்லாததால் நிறைய அலைந்தோம். நீங்கள் ஆய்வு செய்யும் மாணவராகவோ, சிறிய அமைப்பொன்றில் வேலை செய்பவராகவோ, பிள்ளைக்காகத் தேடும் தாய் தந்தையாகவோ இருந்தால் அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முழுக் கட்டுரையையும் வாசித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். நேரே ஆறாம் படிக்குப் போய்த் தகவல் உரிமை விண்ணப்பத்தை அனுப்பினால், வருகிற பதிலை வைத்து ஒன்றும் செய்ய முடியாமல் போகலாம்.

1. கேள்வியை ஒரு தாளில் எழுதுங்கள்

"மாற்றுத்திறனாளிகள் பற்றிய தரவு வேண்டும்" என்று போய் நின்றால் எந்த அலுவலரும் உதவ முடியாது. நான்கு விஷயங்களை முதலில் முடிவு செய்யுங்கள். யாரைப் பற்றி (எந்த வகைக் குறைபாடு, எந்த வயது, ஆணா பெண்ணா), எந்த இடம் (முழு நாடா, கொழும்பு மாவட்டமா, ஒரு பிரதேச செயலகப் பிரிவா), எந்த ஆண்டுகள், எந்த விஷயம் (ஆட்தொகையா, உதவிப்பணமா, பயிற்சியா, வேலையா).

கொழும்பு மாவட்டத்தில் 13 பிரதேச செயலகப் பிரிவுகள் உள்ளன. கொட்டாஞ்சேனை கொழும்புப் பிரிவில் வரும். வெள்ளவத்தை திம்பிரிகஸ்யாய பிரிவில் வரும். தெஹிவளை தனிப் பிரிவு. தெரு ஒன்று தள்ளினால் பிரிவே மாறிவிடும் இடங்கள் உண்டு. உங்கள் பகுதி எந்தப் பிரிவில் இருக்கிறது என்பதைக் கிராம உத்தியோகத்தரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். இதைப் பிழையாக எழுதினால் வேறு பிரிவின் கணக்குதான் கையில் வரும்.

2. எந்த அலுவலகத்தில் என்ன இருக்கிறது

ஆட்தொகை வேண்டுமானால் தொகைமதிப்பு மற்றும் புள்ளிவிபரத் திணைக்களம். அது பத்தரமுல்லை பொல்துவ வீதியில், சங்க்யான மந்திரய கட்டிடத்தில் இருக்கிறது. குடிசன மதிப்பீட்டு அட்டவணைகளும் வீட்டு வருமான, ஊழியப்படை ஆய்வுகளும் இங்கேதான்.

தொழிற்பயிற்சி பற்றியதென்றால் சமூக சேவைகள் திணைக்களம். பத்தரமுல்லை செத்சிரிபாய இரண்டாம் கட்டக் கட்டிடம். சீதுவை, வத்தேகம, கெட்டவல, தெலம்புயாய, அமுனுகும்புர போன்ற இடங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கென்றே இருக்கும் பயிற்சி நிலையங்கள் இந்தத் திணைக்களத்தின் கீழ் வருகின்றன. கொழும்பிலிருந்து போவோருக்குக் கிட்டியது சீதுவை.

மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய செயலகமும் செத்சிரிபாயவில்தான் இருக்கிறது. உதவிப்பணம், வீட்டு உதவி, சுயதொழில் உதவி ஆகியவற்றின் கணக்கு அங்கே. இரண்டும் ஒரே கட்டிடம், ஒரே அமைச்சு என்பதால் பலரும் ஒன்றென்று நினைத்துவிடுகிறார்கள். ஆனால் தகவல் கேட்டு வரும் விண்ணப்பங்களைப் பொறுப்பேற்கும் தகவல் அலுவலர்கள் வேறு வேறு ஆட்கள். ஒருவருக்கு அனுப்பிய விண்ணப்பம் மற்றவருக்குத் தானாகப் போய்ச் சேரும் என்று நம்பி இருக்க வேண்டாம்.

பொதுவான தொழிற்கல்வி நிலையங்களில் சேர்ந்த மாற்றுத்திறனாளிகள் பற்றித் தெரிய வேண்டுமானால் நாரஹேன்பிட்டி எல்விட்டிகல மாவத்தையில் உள்ள நிபுணத பியச கட்டிடத்துக்குப் போக வேண்டும். மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவும் தொழிற்பயிற்சி அதிகாரசபையும் அங்கே இருக்கின்றன. என்.வி.கியூ எனப்படும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் சம்பந்தமான கேள்விகளை இங்கேதான் கேட்க வேண்டும்.

பாடசாலைப் பிள்ளைகள் பற்றியதென்றால் இசுருபாயவில் உள்ள கல்வி அமைச்சு. ஆண்டுதோறும் அவர்கள் எடுக்கும் பாடசாலைக் கணக்கெடுப்பில் விசேட கல்வி மாணவர்களின் விபரமும் வருகிறது.

உங்கள் ஊரின் விபரம் வேண்டுமானால் பிரதேச செயலகத்தில் இருக்கும் சமூக சேவை உத்தியோகத்தர். கிராம உத்தியோகத்தர் பிரிவு வரைக்கும் இறங்கிப் பேசக்கூடிய பதிவேடு பெரும்பாலும் இவரிடம்தான் இருக்கும். வெளிக்களத்துக்கு அடிக்கடி போகிறவர் என்பதால், அலுவலகத்தில் இருக்கும் நாளைத் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள். தொலைபேசி இலக்கம் தெரியாவிட்டால் 1919 அரச தகவல் நிலையத்தை அழையுங்கள், தமிழிலேயே பேசலாம்.

இன்னொரு விஷயம். சமூக சேவை என்பது 13 ஆவது திருத்தத்துக்குப் பிறகு மாகாண சபைக்கும் உரிய விஷயம். மேல் மாகாணத்துக்கென்று தனியாக ஒரு சமூக சேவைத் திணைக்களம் இருக்கிறது. மத்திய திணைக்களத்தின் புள்ளிவிபரத்தில் மாகாணத் திணைக்களம் கொடுத்த உதவிகள் சேர்ந்திருக்காது. இரண்டிடமும் கேளுங்கள். கேட்டு வாங்கிய எண்களைக் கூட்டுவதற்கு முன்னால், ஒரே ஆள் இரண்டிலும் இருக்கிறாரா என்று யோசியுங்கள்.

விண்ணப்பத்தில் "புனர்வாழ்வு" என்று மட்டும் எழுத வேண்டாம். முன்னாள் போராளிகளின் புனர்வாழ்வுக்கென்று தனிப் பணியகம் இருப்பதால் கடிதம் அந்தப் பக்கம் திருப்பிவிடப்படலாம். "மாற்றுத்திறனாளிகளுக்கான தொழிற்பயிற்சி" என்று விரித்து எழுதுங்கள்.

3. வீட்டிலிருந்தே எடுக்கக்கூடியதை முதலில் எடுங்கள்

பாராளுமன்றத்தின் இணையத்தளத்தில் அமைச்சுகளும் திணைக்களங்களும் சமர்ப்பிக்கும் ஆண்டு செயலாற்றுகை அறிக்கைகள் கிடைக்கும். பலவற்றுக்குத் தமிழ்ப் பிரதியும் உண்டு. சமூக சேவைகள் திணைக்களத்தின் அறிக்கையைத் திறந்தால் பயிற்சி நிலையங்கள் பற்றிய பகுதி இருக்கும். ஒரு சதம் செலவில்லை. கேட்கப் போகும் விஷயத்தில் பாதி அதிலேயே இருந்துவிடலாம். இல்லாவிட்டாலும், அலுவலகம் எந்தத் தலைப்பின் கீழ் கணக்கு வைத்திருக்கிறது என்பது அந்த அட்டவணையைப் பார்த்தாலே புரியும். பிறகு அந்தத் தலைப்பின் பெயரையே விண்ணப்பத்தில் போடலாம்.

தேடும்போது "மாற்றுத்திறனாளிகள்", "அங்கவீனமுற்றோர்", "வலுவிழந்தோர்", "விசேட தேவையுடையோர்" என எல்லாச் சொற்களையும் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு ஆண்டு சொல் மாறியிருக்கிறது.

தொகைமதிப்புத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் 2012 குடிசன மதிப்பீட்டின் அட்டவணைகள் இருக்கின்றன. லங்காடத்தா என்ற பகுதியில், ஆய்வாளர்களுக்கென்று பெயர் நீக்கிய தரவுத் தொகுதிகளின் விபரப்பட்டியல் இருக்கிறது. அங்கே ஆய்வு வினாத்தாள்களையும் தேடிப் பாருங்கள். வினாத்தாளை வாசிக்காமல் அட்டவணையைப் பயன்படுத்தக் கூடாது. ஏன் என்பதை அடுத்த படியில் சொல்கிறேன்.

4. 2012 அட்டவணையை வாசிக்கும்போது கவனிக்க வேண்டியவை

பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். கொஞ்சம் நின்று வாசியுங்கள்.

2012 குடிசன மதிப்பீட்டின்படி 5 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 1,617,924 பேருக்கு ஏதோ ஒரு செயற்பாட்டுச் சிரமம் இருந்தது. அந்த வயதுப் பிரிவினரில் இது 8.7 சதவீதம். அவர்களில் சுமார் 57 சதவீதம் பெண்கள். சிரமம் உள்ளவர்களுள் 15 வயதும் அதற்கு மேலும் உள்ளோரில் சுமார் 71 சதவீதம் பேர் வேலையில் இருப்பவர்களோ வேலை தேடுபவர்களோ அல்ல. திட்ட முன்மொழிவுகளில் நீங்கள் அடிக்கடி காண்பது இந்த எண்களைத்தான்.

முதல் பொறி வயது. "இலங்கை மக்களில் 8.7 சதவீதம்" என்று எழுதுவது பிழை. 5 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் அந்தக் கணக்கில் இல்லை. சின்னஞ்சிறு பிள்ளைகளின் குறைபாட்டை நேரத்தோடு கவனிக்கும் ஆரம்பத் தலையீட்டு நிலையம் ஒன்றுக்காகத் தரவு தேடுபவருக்கு இந்த எண் உதவவே உதவாது.

இரண்டாவது, எல்லாவற்றையும் கூட்டிவிடுவது. அட்டவணையில் பார்த்தல், கேட்டல், நடத்தல், நினைவும் கவனமும், தன்னைத் தானே பராமரித்தல், தொடர்பாடல் என்று ஆறு நிரல்கள் இருக்கும். பார்வைச் சிரமம் உள்ளவர்கள் மட்டும் ஏறத்தாழ 10 இலட்சம், நடப்பதில் சிரமம் உள்ளவர்கள் 7 இலட்சத்துக்கு மேல். கண்ணும் தெரியாமல் நடக்கவும் முடியாத ஒரு முதியவர் இரண்டு நிரலிலும் எண்ணப்பட்டிருப்பார். ஆறையும் கூட்டினால் மொத்தத்தைவிடப் பெரிய எண் வரும். அதை ஆட்தொகை என்று அறிக்கையில் போட்டால் வாசிப்பவர் அந்த இடத்திலேயே நம்பிக்கை இழந்துவிடுவார்.

மூன்றாவது, 2001 உடன் ஒப்பிடுவது. 2001 கணக்கில் இருந்தது 274,711 பேர். பதினொரு ஆண்டில் ஆறு மடங்காகப் பெருகிவிட்டது என்று எழுதிய கட்டுரைகளை நானே பார்த்திருக்கிறேன். அப்படியொன்றும் நடக்கவில்லை. 2001 இல் "குறைபாடு உண்டா, என்ன வகை" என்ற போக்கில் கேட்டார்கள். 2012 இல், பல நாடுகளும் பின்பற்றும் வாஷிங்டன் குழுவின் (மாற்றுத்திறனாளிகள் பற்றிய கணக்கெடுப்புக் கேள்விகளை வகுத்த சர்வதேசக் குழு) முறையில் "கண்ணாடி போட்டும் பார்ப்பதில் சிரமம் உண்டா" என்ற மாதிரிக் கேட்டார்கள். கேள்வி மாறினால் எண்ணும் மாறும். வீட்டில் உள்ளவரைக் குறைபாடுள்ளவர் என்று சொல்லத் தயங்கும் குடும்பம்கூட, நடக்கச் சிரமம் என்பதை மறைக்காது.

இன்னொரு காரணமும் உண்டு. போர் காரணமாக 2001 கணக்கெடுப்பு 18 மாவட்டங்களில்தான் முழுமையாக நடந்தது. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா, மட்டக்களப்பு, திருகோணமலை ஆகியவை முழுமையாக அதில் இல்லை. ஷெல்லிலும் மிதிவெடியிலும் கால் இழந்தவர்கள் மிக அதிகமாக இருந்த மண் அந்தக் கணக்கில் விடுபட்டுப்போனது. நம்மில் பலருடைய சொந்த ஊர்கள் அவை. 2001 எண்ணை எங்கே போட்டாலும் இந்தக் குறிப்பையும் சேர்த்தே போடுங்கள்.

நான்காவது, சிரமத்தின் அளவு. "கொஞ்சம் சிரமம்" என்றவரும் "முற்றாக முடியாது" என்றவரும் ஒன்றாக எண்ணப்பட்டிருக்கிறார்களா என்று அட்டவணையின் தலைப்பிலும் அடிக்குறிப்பிலும் பாருங்கள். சர்வதேச ஒப்பீட்டுக்கு வாஷிங்டன் குழு பரிந்துரைப்பது, ஏதாவது ஒன்றில் "அதிகச் சிரமம்" அல்லது "முடியாது" என்றவர்களை மட்டும் எடுப்பதைத்தான். தொழிற்பயிற்சித் திட்டத்துக்கு இந்த வேறுபாடு மிக முக்கியம். வயது போனதால் கண் மங்கிய ஒருவருக்கும், பிறவியிலேயே செவிப்புலன் இல்லாத இருபது வயதுப் பெண்ணுக்கும் தேவை ஒன்றல்ல. எனவே வயதுப் பிரிவும் சிரமத்தின் அளவும் சேர்ந்த அட்டவணையைத் தேடி எடுங்கள். இணையத்தில் இல்லாவிட்டால் திணைக்களத்திடம் கேளுங்கள்.

அடுத்த குடிசன மதிப்பீடு 2024 இன் பெயரில் நடந்தது. நீங்கள் இதை வாசிக்கும் நேரத்தில் அதில் உங்களுக்கு வேண்டிய அட்டவணை வந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள்.

5. முதலில் ஒரு சாதாரணக் கடிதம்

எடுத்த எடுப்பிலேயே சட்டத்தைக் காட்ட வேண்டியதில்லை. புள்ளிவிபரத் திணைக்களத்திடம் குறிப்பிட்ட அட்டவணை ஒன்றைக் கேட்பதற்கு ஒரு பக்கக் கடிதம் போதும். நிறுவனத்தின் கடிதத்தாளில், அல்லது மாணவரென்றால் மேற்பார்வையாளரின் கையொப்பத்துடன், என்ன அட்டவணை, எந்த ஆண்டு, எதற்காக என்று எழுதுங்கள். கட்டணம் உண்டா, எவ்வளவு, எத்தனை நாளாகும் என்பதையும் அதே கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள்.

கையில் கொண்டு போக வேண்டியவை: கடிதத்தின் இரண்டு பிரதிகள் (ஒன்றில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ள), தேசிய அடையாள அட்டை, நிறுவனப் பதிவுச் சான்றிதழ் அல்லது மாணவர் அட்டையின் போட்டோ கொப்பி, ஒரு பென் டிரைவ். செத்சிரிபாய போன்ற இடங்களில் வாசலிலேயே அடையாள அட்டை கேட்பார்கள்.

வெள்ளவத்தைப் பக்கத்திலிருந்து போகிறவர்கள் காலி வீதி பஸ்ஸில் கொள்ளுப்பிட்டிக்கு வந்து 177 கடுவலை பஸ் எடுக்கலாம். புறக்கோட்டையிலிருந்து 170 அல்லது 190. எல்லாம் பத்தரமுல்லை வழியாகப் போகும். காலையிலேயே போய்விடுங்கள். மதிய நேரத்தில் போனால், பொறுப்பானவர் கூட்டத்தில் இருக்கிறார் என்ற பதிலோடு திரும்ப வேண்டி வரும்.

6. தகவல் உரிமை விண்ணப்பம்

சாதாரணக் கடிதத்துக்குப் பதில் வராவிட்டால், அல்லது கேட்பது நிர்வாகப் பதிவேடு என்றால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் உள்ளது. இலங்கைப் பிரஜை எவரும் கேட்கலாம். அமைப்பாகக் கேட்பதானால் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினராவது பிரஜைகளாக இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்காக வேலை செய்பவர், தன் பெயரில் பிரஜையாகக் கேட்பதே சுலபம்.

ஆர்.டி.ஐ. 01 என்ற படிவம் உண்டு, தமிழிலும் கிடைக்கும். படிவம் இல்லாமல் வெறும் கடிதமாகவும் எழுதலாம். ஏன் கேட்கிறீர்கள் என்ற காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. எழுத முடியாதவர் வாய்மொழியாகவே கேட்கலாம், தகவல் அலுவலர்தான் அதை எழுதிக்கொள்ள வேண்டும். பார்வையற்றவர்களும் கை இயங்காதவர்களும் இந்த உரிமையைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். அலுவலகம் மறுத்தால் சட்டத்தின் 24 ஆம் பிரிவைச் சொல்லுங்கள். விண்ணப்பத்தை ஏற்றதற்கு எழுத்தில் பற்றுச்சீட்டு தருவதும் அவர்கள் கடமை. அதை வாங்காமல் வெளியே வர வேண்டாம்.

இனி, எப்படி எழுதுவது. பலரும் அனுப்புவது இப்படி இருக்கும்:

"இலங்கையில் மாற்றுத்திறனாளிகளுக்கான தொழிற்பயிற்சி எந்த அளவுக்கு வெற்றி பெற்றுள்ளது என்ற விபரத்தைத் தரவும்."

இதற்குப் பதில் வராது. வந்தால் ஒரு பாராட்டுப் பந்திதான் வரும். சட்டம் கொடுப்பது ஏற்கெனவே இருக்கும் பதிவைப் பார்க்கும் உரிமை. உங்களுக்காக ஆய்வு செய்து அபிப்பிராயம் எழுதித் தரும் வேலை அலுவலருடையதல்ல. அதையே இப்படிக் கேளுங்கள்:

"2021, 2022, 2023, 2024 ஆகிய ஒவ்வோர் ஆண்டுக்கும், திணைக்களத்தின் கீழ் இயங்கும் ஒவ்வொரு தொழிற்பயிற்சி நிலையத்துக்கும் தனித்தனியாக:
(அ) பாடநெறி வாரியாகச் சேர்க்கப்பட்ட பயிலுநர் எண்ணிக்கை, ஆண் பெண் வேறாக;
(ஆ) அதே பயிலுநரின் குறைபாட்டு வகை வாரியான எண்ணிக்கை;
(இ) இடையில் விலகியோர் எண்ணிக்கை;
(ஈ) பாடநெறியை முடித்தோர் எண்ணிக்கை;
(உ) என்.வி.கியூ சான்றிதழ் பெற்றோர் எண்ணிக்கை, மட்ட வாரியாக;
(ஊ) பயிற்சிக்குப் பின் வேலையில் அமர்ந்தோர் பற்றிய பதிவேடு ஏதும் பேணப்படுகிறதா? பேணப்பட்டால் அதன் சுருக்க எண்ணிக்கை;
(எ) தமிழ் மொழிமூலம் நடத்தப்பட்ட பாடநெறிகளின் பட்டியல்.
எவருடைய பெயரும் முகவரியும் எனக்கு வேண்டியதில்லை. எக்செல் கோப்பாக மின்னஞ்சலில் தரவும்."

(அ) முதல் (ஊ) வரை ஏன் இப்படிப் பிரிக்க வேண்டும்? "பயிற்சி பெற்றோர்" என்ற ஒரே சொல்லுக்குள் சேர்ந்தவரும் அடங்குவார், பாதியில் போனவரும் அடங்குவார், சான்றிதழ் வாங்கியவரும் அடங்குவார். பிரித்துக் கேட்டால்தான் எந்தக் கட்டத்தில் ஆட்கள் கழன்று போகிறார்கள் என்று தெரியும். (ஊ) இல் "பேணப்படுகிறதா" என்று கேட்பது வேண்டுமென்றே. இல்லை என்று எழுத்தில் வந்தால் அதுவும் பெறுமதியான தகவல். பயிற்சி முடித்த பிள்ளை பிறகு என்ன ஆனாள் என்று யாரும் பார்க்கவில்லை என்பதை அந்த ஒரு வரியை வைத்தே அமைச்சிடம் எடுத்துச் சொல்லலாம்.

(எ) ஐ விட்டுவிடாதீர்கள். கொழும்பில் தமிழ்ப் பிள்ளை ஒன்றுக்கு இடம் தேடும்போது முதலில் முட்டுவது அங்கேதான். எந்த மொழியில் என்ற இந்தக் கேள்வி சைகை மொழியிலும் எழும்.

"பெயர் வேண்டியதில்லை" என்ற வரியும் அவசியம். தனிப்பட்ட தகவல், மருத்துவப் பதிவு ஆகியவற்றை மறுக்கச் சட்டத்தின் 5 ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது, அது நியாயமும்கூட. நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் முழு விண்ணப்பத்தையும் அந்தக் காரணத்தால் தள்ள முடியாது.

அரச வேலைவாய்ப்புப் பற்றிக் கேட்பவர்கள் 1988 ஆம் ஆண்டின் 27/88 இலக்கப் பொது நிர்வாகச் சுற்றுநிருபத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். அரச வெற்றிடங்களில் 3 சதவீதத்தைத் தகைமையுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கச் சொல்லும் சுற்றுநிருபம் அது. "அதன் கீழ் உங்கள் நிறுவனத்தில் இன்று வரை நியமிக்கப்பட்டோர் எத்தனை பேர்?" என்ற ஒற்றை வரி போதும். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனியாக அனுப்ப வேண்டும்.

மொழி விஷயம். தமிழில் எழுதுவது உங்கள் உரிமை, தமிழிலேயே எழுதுங்கள். ஆனால் உள்ளே இருக்கும் பதிவேடு சிங்களத்தில் இருந்தால் அதன் பிரதி சிங்களத்தில் வரலாம். எங்களுக்கு ஓர் அலுவலகத்திலிருந்து அப்படித்தான் வந்தது. சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவரை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நிரல்களின் தலைப்பை மட்டும் பெயர்த்துவிட்டால் மற்றதெல்லாம் எண்தானே.

7. செலவு

விண்ணப்பக் கட்டணம் கிடையாது. 2017 வர்த்தமானி விதிகளின்படி ஏ4 பிரதியில் முதல் 4 பக்கம் இலவசம். அப்புறம் போட்டோ கொப்பி ஒரு பக்கம் 2 ரூபாய், இரு பக்கமும் 4 ரூபாய். கணினி அச்சு ஒரு பக்கம் 4 ரூபாய். நீங்கள் கொடுக்கும் பென் டிரைவில் பதிந்து தர 20 ரூபாய். ஆவணத்தை அங்கேயே இருந்து பார்க்க முதல் ஒரு மணி நேரம் இலவசம், பிறகு மணிக்கு 50 ரூபாய். மின்னஞ்சலில் அனுப்பக் கட்டணமில்லை. ஆகவே மின்னஞ்சலிலேயே கேளுங்கள். எக்செல் கோப்பாக வந்தால் மறுபடி தட்டச்சு செய்யும் வேலையும் மிச்சம்.

உண்மையான செலவு பஸ்ஸுக்கும் பதிவுத் தபாலுக்கும் போட்டோ கொப்பிக்கும்தான். சக்கர நாற்காலியில் இருப்பவர் போவதென்றால் வாகனச் செலவு கூடும். முடிந்தவரை பதிவுத் தபாலில் அனுப்பி, அந்தத் துண்டை விண்ணப்பப் பிரதியோடு ஒட்டி வையுங்கள். யாராவது அலுவலகத்தில் இதைவிடக் கூடுதலாகக் கேட்டால் கணக்கை எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

8. காலமும் மேன்முறையீடும்

தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று முடிவு செய்ய வேண்டும். தருவதென்று முடிவானால் அதிலிருந்து 14 நாட்களுக்குள் தகவல் கைக்கு வர வேண்டும். ஆவணங்கள் நிறைய என்றாலோ வேறு ஊரில் இருந்தாலோ மேலும் 21 நாள் வரை நீடிக்கலாம், அதையும் உங்களுக்கு அறிவித்துத்தான் செய்ய வேண்டும்.

வேலை நாள் என்பதைக் கவனியுங்கள். சனி, ஞாயிறு, போயா எல்லாம் கணக்கில் வராது. ஏப்ரல் தொடக்கத்தில் கொடுத்த விண்ணப்பம் புத்தாண்டு விடுமுறையில் இழுபடும். டிசம்பரும் அப்படித்தான், ஆண்டு முடிவுக் கணக்கில் எல்லோரும் மூழ்கியிருப்பார்கள். முன்மொழிவு கொடுக்கும் கடைசி நாளிலிருந்து மூன்று மாதமாவது பின்னோக்கி எண்ணி விண்ணப்பத்தைப் போடுங்கள்.

மறுத்தாலோ, காலம் கடந்தும் பதில் இல்லாவிட்டாலோ, அரைகுறையாக வந்தாலோ, கேட்ட வடிவத்தில் தராவிட்டாலோ 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்யலாம். அவர் மூன்று வாரத்தில் முடிவு சொல்ல வேண்டும். அதிலும் திருப்தி இல்லையென்றால் இரண்டு மாதத்துக்குள் தகவல் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம். 14 நாள் என்ற எல்லையை விட்டுவிட்டுத்தான் பலர் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறார்கள். விண்ணப்பம் கொடுத்த அன்றே, பதில் வர வேண்டிய நாள், மேன்முறையீட்டுக்கான கடைசி நாள் ஆகிய இரண்டு திகதிகளையும் நாட்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள்.

மேன்முறையீட்டுக் கடிதத்தில் கோபத்தைக் காட்ட வேண்டாம். திகதி, பற்றுச்சீட்டு இலக்கம், கேட்டதில் எது வரவில்லை, அவ்வளவும் போதும். எங்கள் மேன்முறையீடு அரைப் பக்கம்தான், விடுபட்ட அட்டவணை அதற்குப் பிறகு வந்து சேர்ந்தது.

9. பயிற்சி நிலையத்தில் நீங்களே தகவல் திரட்டுவதானால்

பயிலுநர்களை நேரில் கண்டு பேச விரும்பினால் அது வேறு வழி. நிலையப் பொறுப்பாளரிடம் வாயால் கேட்டு உள்ளே போவது சரிவராது. திணைக்களத் தலைமைக்கு எழுதி அனுமதி வாங்க வேண்டும். அதோடு வினாக்கொத்து, ஆய்வு முன்மொழிவு, பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அங்கீகாரம் ஆகியவற்றை இணையுங்கள். நெறிமுறை அங்கீகாரத்துக்கே வாரக்கணக்கில் ஆகும், அதை முதலில் தொடங்குங்கள்.

சம்மதப் படிவத்தில் அதிகக் கவனம் வேண்டும். பார்வையற்றவருக்கு வாசித்துக் காட்டுங்கள். செவிப்புலன் அற்றவருக்குச் சைகை மொழிபெயர்ப்பாளரை அழையுங்கள், தாய் தகப்பனையோ ஆசிரியரையோ இடையில் வைத்தால் பிள்ளை மனம் திறந்து பேசாது. அறிவுசார் குறைபாடு உள்ளவரிடம் எளிய சொற்களில் கேளுங்கள், வீட்டாரின் சம்மதத்தோடு அவருடைய விருப்பத்தையும் கேட்க மறக்க வேண்டாம். நிலையத்தில் தங்கிப் படிப்பவர்கள் "மாட்டேன்" என்று சொன்னால் இடம் பறிபோகுமோ என்று பயப்படுவார்கள். அப்படி ஒன்றும் ஆகாது என்பதைப் பொறுப்பாளர் இல்லாத இடத்தில் சொல்லுங்கள்.

2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலம் பற்றிய தரவை விசேட வகையாகக் கருதுகிறது. பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் பதில்களோடு ஒரே கோப்பில் வைக்காதீர்கள். வாட்ஸ்அப் குழுவில் பட்டியலைப் பகிர வேண்டாம். சின்னப் பிரிவொன்றில் "செவிப்புலன் அற்ற பெண்கள்: 2" என்று அட்டவணை போட்டாலே அந்த ஊர்க்காரருக்கு யாரென்று தெரிந்துவிடும். அப்படிச் சிறிய எண்கள் வந்தால் பக்கத்துப் பிரிவோடு சேர்த்துக் காட்டுங்கள்.

10. வந்ததைச் சரிபாருங்கள்

ஆண், பெண் கூட்டல் மொத்தத்துக்குச் சமமா? ஆண்டறிக்கையில் உள்ள எண்ணும் உங்களுக்கு வந்த எண்ணும் ஒன்றா? இல்லாவிட்டால் திகதி வேறாக இருக்கலாம், ஒன்று ஆண்டு முடிவில் எடுத்தது, மற்றது ஆண்டு நடுவில். அனுப்பியவரிடமே கேளுங்கள், அது பிழை பிடிப்பதாகாது.

உதவிப்பணம் பெறுவோர் பட்டியலை மாற்றுத்திறனாளிகளின் ஆட்தொகையாக எடுத்துவிடாதீர்கள். உதவிப்பணம் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு உரியது, விண்ணப்பித்து ஏற்கப்பட்டவர்கள் மட்டுமே அதில் இருப்பார்கள். காத்திருப்போர் பட்டியலைத் தனியாகக் கேளுங்கள். ஒரு பிரிவில் தேவை எவ்வளவு என்பதை இரண்டும் சேர்ந்துதான் காட்டும்.

எண்ணைப் பயன்படுத்தும் ஒவ்வோர் இடத்திலும் ஆண்டு, இடம், வயதெல்லை, தந்த நிறுவனம், கடிதத் திகதி ஆகிய ஐந்தையும் குறியுங்கள். மூலக் கடிதத்தை ஸ்கேன் செய்து இரண்டு இடங்களில் வையுங்கள். அடுத்த ஆண்டு அதே பதிவேட்டைக் கேட்கும்போது பழைய கடிதத்தின் பிரதியை இணைத்து, "இதே வடிவத்தில், இந்த ஆண்டுக்கு" என்று எழுதினால் வேலை வேகமாக நடக்கும். அலுவலர் மாறியிருந்தாலும் கோப்பில் முன்மாதிரி இருக்கும்.